நாலு துண்டு பிரெட்

சேர்வராயன் மலைமேல் உள்ள நாகலூருக்கு மார்கழியில் வெயில் தாமதமாகத்தான் வரும். பனி மூடிய அந்த நேரத்திலேயே டீக்கடை வாசலில் காப்பிப்பழம் பறிக்கப் போகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் பன்னோ பொறையோ பிரெட்டோ. அறுபதை நெருங்கிய ஓர் அம்மா, சர்க்கரை போடாத டீ கேட்டார். கூடவே நாலு துண்டு பிரெட்.

“சுகர் இருக்குதுங்களாம்மா?” என்று கேட்டேன்.

“ஆமா கண்ணு, அஞ்சு வருசமா இருக்குது. அதான் காலையில இட்லி, சோறு எதையும் தொடுறதில்ல. பிரெட்டு மட்டுந்தான். சீக்காளிங்க சாப்பிடுறதுதானே அது?”

அந்தக் கேள்வி அவருடையது மட்டுமில்லை, நம் எல்லார் வீட்டிலும் இருப்பது. காய்ச்சல் வந்தால் பாலும் பிரெட்டும்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு பிரெட் பாக்கெட், நாலு சாத்துக்குடி. காலைச் சாப்பாடாக ஆவதற்கு முன்பே பிரெட் நம்மிடம் பத்தியச் சாப்பாடாக வந்து சேர்ந்துவிட்டது. காய்ச்சல்காரருக்கு அது பொருந்தும். மெத்தென்று இருக்கும், வயிற்றில் தங்காது, சீக்கிரம் செரிக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இடைஞ்சல் செய்வதும் அந்தச் ‘சீக்கிரம்’தான்.

ஒரு சின்னக் கணக்கு. நம் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். வெறும் வயிற்றில் நலமாக இருக்கும் ஒருவருக்கு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் குளுக்கோஸ் 100 மில்லிகிராமுக்குள் இருக்கும். பெருக்கிப் பார்த்தால், உடம்பிலுள்ள மொத்த ரத்தத்திலும் கரைந்திருப்பது 5 கிராம் குளுக்கோஸ்: ஒரு டீஸ்பூன் அளவு. மூளை பெரிதும் அந்த ஒரு ஸ்பூனை நம்பித்தான் இயங்குகிறது. ஒரு துண்டு பிரெட்டில் இருக்கும் மாவுச்சத்து 12 முதல் 15 கிராம். நாலு துண்டு என்றால் ஏறக்குறைய 50 கிராம். டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை விட்டுவிட்ட அந்த அம்மா, பத்து ஸ்பூனுக்கு ஈடான குளுக்கோஸை பிரெட்டாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது.

நலமாக இருப்பவருக்கு இந்தக் குளுக்கோஸ் வெள்ளம் வரும்போது கணையம் உடனே இன்சுலினைச் சுரக்கும். கல்லீரலும் தசைகளும் குளுக்கோஸை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் தாமதமாக வருகிறது, வந்தாலும் செல்கள் அதன் சொல்லைக் கேட்பதில்லை. ஆகவே எவ்வளவு குளுக்கோஸ் வருகிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக வருகிறது என்பதும் முக்கியமாகிவிடுகிறது.

பிரெட்டின் வேகம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. பிசைந்த மாவில் ஈஸ்ட் வாயுவை உண்டாக்குகிறது. மைதாவின் பசைத்தன்மை அந்த வாயுவைக் குமிழ்களாகப் பிடித்து வைக்கிறது. அடுப்பில் வேகும்போது மாவுச்சத்து மணிகள் தண்ணீரை உறிஞ்சிப் புடைத்து, இறுக்கம் தளர்ந்துவிடுகின்றன. கடைசியில் கைக்கு வருவது கடற்பஞ்சு போன்ற ஒன்று. செரிமான நொதிகள் நுழைய ஆயிரம் வாசல்கள். நீங்களே சோதிக்கலாம்: எதுவும் தடவாத ஒரு துண்டு பிரெட்டை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்று பாருங்கள். நாக்கில் மெல்ல இனிப்புத் தட்டும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, வாயிலேயே மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கிவிட்டது.

இந்த வேகத்தை அளக்க 1981-ல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவரோடு இருந்தவர்களும் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். சர்க்கரை உயர்த்தல் குறியீடு என்று தமிழில் சொல்லலாம். 50 கிராம் மாவுச்சத்து உள்ள உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரை ஏறி இறங்குவதைப் பார்ப்பார்கள். தூய குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிடுவார்கள். 2008-ல் வெளிவந்த பன்னாட்டு அட்டவணையில் வெள்ளை பிரெட்டின் எண் 75. முழுக்கோதுமை பிரெட்டின் எண் 74. வேறுபாடு ஒன்றே ஒன்று! நிறம் மாறினாலும் மாவு மாவுதான். கோதுமையின் தவிட்டையும் சேர்த்து நைசாக அரைத்துவிட்டால், நார்ச்சத்து கிடைக்கும், ஆனால் நொதியைத் தடுத்து நிறுத்தும் சுவர் இருக்காது. முழுத் தானியங்களும் விதைகளும் பல்லில் அகப்படும்படி இருக்கும் பிரெட்டுக்கு அதே அட்டவணையில் 53. சப்பாத்திக்கு 52. கடையில் ‘பிரவுன்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதியாக வேண்டும். முதல் சொல் மைதா என்றால், மிச்சம் எல்லாம் நிறம்.

“அப்படியானால் பழைய சிறுதானியத்துக்கே திரும்பிவிடலாமே” என்று சேர்வராயன் மலையில் யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் தட்டில் சாமையும் தினையும் கேழ்வரகும்தான் இருந்தன. காப்பித் தோட்டங்கள் விரிந்தன, ரேஷன் அரிசி வந்தது, 2011 முதல் அது விலையில்லாமலும் கிடைக்கிறது. பசி நீங்கியது பெரிய நன்மை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காட்டில் சாமை குறைந்தது. உமி நீக்கிய சாமையை முழுசாகச் சோறாக்கி, கீரைக்குழம்போடு சாப்பிட்டது ஒரு உணவு. அதே தானியத்தை மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பது வேறு உணவு. அந்த அட்டவணையில் சிறுதானியக் கஞ்சியின் எண் 67. பிரெட்டை விட்டுவிட்டுக் கேழ்வரகுக் கூழை இரண்டு சொம்பு குடித்தால், சர்க்கரை அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்.

இதற்கு வலுவான சான்று நம்மிடமே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் கணக்கிட்டது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசி, மைதாவுக்குப் பதில் முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்ததால் மட்டும் நோயின் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்துக்கு விட்டுக்கொடுத்தவர்களிடம் அபாயம் குறைவாக இருந்தது.

ஆகவே பிரெட்டைத் திட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. எத்தனை துண்டு, கூட என்ன, எதற்குப் பிறகு என்பதுதான் என் கேள்வி. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-ல் ஒரு சோதனை செய்தார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுக்கும் 11 பேருக்கு பிரெட், ஆரஞ்சுச் சாறு, கோழி, காய்கறி கொடுத்தார்கள். ஒருநாள் பிரெட்டும் சாறும் முதலில், கோழியும் காய்கறியும் கால் மணி நேரம் கழித்து. இன்னொரு நாள் வரிசையை மாற்றினார்கள். சாப்பாடு ஒன்றே. ஆனால் கோழியையும் காய்கறியையும் முதலில் சாப்பிட்ட நாளில் ஒரு மணி நேரச் சர்க்கரை 37 விழுக்காடு குறைவாக இருந்தது. முன்னால் போன புரதமும் நாரும் இரைப்பையின் கதவை மெதுவாகத் திறக்க வைக்கின்றன. 11 பேர் என்பது சிறு கூட்டம்தான். ஆனாலும் செலவில்லாமல் எவரும் செய்து பார்க்கக்கூடிய வழி இது. முதலில் ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ, பிறகு பிரெட். ஏற்காட்டு ஏரிக்கரையில் விற்கும் பிரெட் ஆம்லெட்டை, இரண்டே துண்டு பிரெட், நிறைய வெங்காயம், கொஞ்சம் எண்ணெய் என்று போடச் சொன்னால், டீயில் நனைத்த நாலு துண்டைவிட அது எவ்வளவோ மேல். ஜாம் மட்டும் வேண்டாம்.

ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2008-ல் கண்ட இன்னொரு செய்தியும் உண்டு. வீட்டில் சுட்ட வெள்ளை பிரெட்டை உறையவைத்து, பின் எடுத்து வாட்டிக் கொடுத்தபோது, ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, நொதிக்கு எளிதில் மசியாமல் போகிறது. சோதனையில் இருந்தவர்கள் நோயில்லாத பத்துப் பேர். இதை நம்பி இரண்டு துண்டை ஆறாக்கிவிடக் கூடாது.

காலை நேரத்துக்கென்று தனிச் சங்கடமும் உண்டு. விடியும் முன் உடம்பு நம்மை எழுப்புவதற்காகக் கார்ட்டிசால் முதலிய சுரப்புகளைக் கூட்டுகிறது. அவை இன்சுலினை எதிர்த்து வேலை செய்பவை. அதனால் இரவில் தாங்கிய அளவைக் காலையில் சர்க்கரை நோய் உள்ள பலருக்குத் தாங்க முடிவதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரை ஏறிவிடுமே என்று பயந்து வெறும் வரக்காப்பியோடு தோட்டத்துக்குப் போய்விடக் கூடாது. அந்த மருந்துகள் சாப்பாடு வந்ததா என்று பார்ப்பதில்லை. கணையத்தை விரட்டியோ நேரடியாகவோ சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். சரிவில் கூடையோடு நிற்கும்போது கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் விழுவது பள்ளத்தில். அந்த நேரத்தில் பிரெட் தாமதம். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும். தெளிந்த பிறகு, இறங்காமல் பிடித்து நிறுத்த பிரெட் உதவும். சாப்பாட்டைப் பெரிதாகக் குறைக்கும் முன் மருந்தின் அளவு பற்றியும் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வேலை செய்யும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் பத்து நிமிட மலையேற்றம், பல பேரின் சர்க்கரையைக் கண்முன்னே இறக்கும். உட்கார்ந்து கணக்கெழுதுபவருக்கும் கடையில் நிற்பவருக்கும் அது தானாக அமைவதில்லை.

அந்த அம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “நாலு வேண்டாம்மா. ஒரு முட்டை சாப்பிட்டுட்டு ரெண்டு துண்டு சாப்பிடுங்க. ஒருநாள் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு நர்சம்மாகிட்ட சுகர் பாருங்க, 180-க்குக் கீழ இருக்கணும்” என்றேன்.

“ரெண்டு துண்டுல மத்தியானம் வரைக்கும் பறிக்க முடியுமா கண்ணு?”

சரியான கேள்வி. உழைக்கிற உடம்புக்கு வேண்டியதை யாரும் மறுக்க முடியாது. சேர்த்து உண்பதைப் பிரித்து உண்ணலாம் என்றேன். கடைக்காரர் அவித்த முட்டை ஒன்றை உரித்துக் கொடுத்தார். அம்மா அதைத் தின்று, இரண்டு துண்டு பிரெட்டையும் முடித்துவிட்டு, மீதி இரண்டையும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையையும் முந்தானையில் முடிந்துகொண்டார், பத்தரை மணிக்குச் சாப்பிட.