புகழின் வெளிச்சம் யார் மீது விழுகிறது?

புகழ்பெற்ற ஒருவர் இளவயதில் இறக்கும்போது உலகம் இருவிதமாகப் பேசுகிறது. எல்லாம் மாயை என்று ஒரு சாரார் பெருமூச்சு விடுவர். வாழ்ந்த வாழ்க்கைக்குக் கிடைத்த கூலி என்று மறுசாரார் தீர்ப்புக் கூறுவர். கிறிஸ்தவர்களாகிய நாம் இவற்றுடன் நின்றுவிடலாமா? பிரித்தானிய இளவரசி டயானாவின் வாழ்வையும் மரணத்தையும் முன்வைத்து இதைச் சிந்திப்போம்.

புகழ் கேட்ட விலை

1981ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி இளவரசர் சார்ள்ஸை மணந்தபோது டயானாவுக்கு வயது 20. அன்று தொடக்கம் அவர் சென்ற இடமெல்லாம் கமராக்கள் தொடர்ந்தன. அவருடைய உடை, கண்ணீர், மணமுறிவு யாவும் விற்பனைப் பொருளாயின. அளவுமீறி உண்டு, பின் அதை வாந்தியெடுக்கும் நோயினால் பல ஆண்டுகள் துன்புற்றதை 1995இல் பி.பி.சி. பேட்டியொன்றில் அவரே வெளியிட்டார். அப்பேட்டியைப் பெறுவதற்கும் வஞ்சக வழி கையாளப்பட்டது என 2021இல் வெளிவந்த விசாரணை அறிக்கை முடிவு செய்தது.

1997 ஓகஸ்ட் 31ஆம் திகதி அதிகாலை, பரிஸ் நகரின் சுரங்கப்பாதை ஒன்றில் அவர் சென்ற கார் தூணொன்றில் மோதியது. அவருக்கு வயது 36. சாரதி மது அருந்தியிருந்தார், கார் மிதமிஞ்சிய வேகத்தில் ஓடியது, புகைப்படக்காரர்கள் பின்தொடர்ந்தனர். சாரதியும் பின்தொடர்ந்த வாகனங்களை ஓட்டியவர்களும் காட்டிய படுமோசமான கவனயீனமே இம்மரணத்துக்குக் காரணம் என 2008இல் லண்டனில் நடைபெற்ற மரண விசாரணையில் ஜூரிமார் தீர்ப்பளித்தனர். ஆசனப்பட்டி அணியாததையும் அவர்கள் சுட்டிக்காட்டினர்.

இது தண்டனையா?

சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை இயேசு எடுத்துப் பேசியதை லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மாண்டவர்கள் மற்றவர்களை விடப் பெரும் பாவிகள் அல்லர் என்று அவர் தெளிவாகக் கூறினார். இறந்தவர்களைப் பற்றிய பேச்சை இருப்பவர்களின் மனமாற்றத்தை நோக்கித் திருப்பினார். டயானாவின் மரணத்தையும் நாம் அவ்வாறே நோக்க வேண்டும்.

புகைப்படக்காரர்கள் ஏன் துரத்தினர்? படத்துக்கு விலை இருந்தது. விலை ஏன் இருந்தது? வாங்கிப் பார்ப்பதற்கு மக்கள் இருந்தனர். பிறருடைய துயரத்தை வேடிக்கையாகப் பார்க்கும் ஆசை நம்மிடமும் உண்டு. கிராமத்தில் ஒரு வீட்டில் சண்டை நடந்தால் வேலியோரம் கூடும் கூட்டமும், கைத்தொலைபேசியில் விபத்துப் படங்களை அனுப்பி மகிழும் கைகளும் அதே ஆசைக்கே தீனி போடுகின்றன.

வெளிச்சத்தைத் திருப்பியபோது

ஆயினும் டயானாவின் கதை இத்துடன் முடியவில்லை. எயிட்ஸ் நோயாளரைத் தொடவே பலர் அஞ்சிய 1987இல், லண்டன் வைத்தியசாலை ஒன்றில் அவர் கையுறையின்றி ஒரு நோயாளியின் கையைப் பற்றிக் குலுக்கினார். 1989இல் இந்தோனேசியாவில் தொழுநோயாளருடன் கைகுலுக்கினார். 1997 ஜனவரியில் அங்கோலா நாட்டின் ஹுவாம்போவில், பாதுகாப்புக் கவசம் அணிந்து, மிதிவெடி வயலினூடாக அமைக்கப்பட்ட பாதையில் நடந்தார். இது அரசியல் தலையீடு என்று பிரித்தானிய அரசியல்வாதிகள் சிலர் குறைகூறினர். ஆனால் அவரைத் துரத்திய அதே கமராக்கள் அன்று காலிழந்த ஏழைகளை உலகுக்குக் காட்டின.

அவ்வாண்டு டிசெம்பரில் ஒட்டாவாவில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 122 நாடுகள் கையொப்பமிட்டன. இது டயானாவால் மட்டும் வந்தது என்பது மிகையாகும். 1992இலிருந்தே பல அமைப்புகள் இதற்காக உழைத்திருந்தன. ஆனால் அவ்வுழைப்பின் மீது உலகின் கண்களைத் திருப்ப அவரது புகழ் உதவியது.

இலங்கை இவ்வுடன்படிக்கையில் 2017இல் இணைந்தது. நமது வடபுலத்தில் வெயிலில் முழந்தாளிட்டு, நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்து மிதிவெடி அகற்றியோரில் பெண்கள் பலர். போரில் கணவரை இழந்தோரும் அவர்களுள் உளர். அவர்களை எந்தக் கமராவும் துரத்தவில்லை. அவர்கள் துப்புரவாக்கிய நிலத்திலேயே இன்று நாம் வெங்காயம் நடுகிறோம்; பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிறார்கள்.

நமது நோக்கு

மக்கள் தம்மை அரசராக்க முயன்றபோது இயேசு மலைக்கு விலகிச் சென்றார் என்று யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரம் கூறுகிறது. பசித்த கூட்டத்துக்கு உணவளிக்க அவர் தயங்கவில்லை; அதனால் வந்த புகழையே ஏற்க மறுத்தார். புகழ் பாவமன்று. டயானா இறந்து ஐந்து நாட்களில், 87 வயதில் கல்கத்தாவில் காலமான அன்னை திரேசாவும் உலகப் புகழ் பெற்றவரே. ஆனால் புகழ் பிறருடைய பார்வையிலிருந்து வரும் இரவல் வெளிச்சம். அதைத் தன் மீதே வைத்திருப்பவரை அது சுடும். இருளில் இருப்பவர் மீது திருப்பினால் பயன் தரும். ஆயுள் நீண்டதா குறுகியதா என்பது நம் கையில் இல்லை. வெளிச்சத்தை எங்கே திருப்புகிறோம் என்பது நம் கையில் உண்டு.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. நமது கிராமத்தில் எவரும் அறியாமல் பொதுப்பணி செய்பவர் யார்? அவருக்கு நாம் எவ்வாறு தோள்கொடுக்கலாம்?

2. பிறர் துயரத்தை வேடிக்கை பார்க்கும் பழக்கத்தைக் குறைக்க நமது வீட்டில் என்ன செய்யலாம்?

3. சங்கத்திலோ ஆலயத்திலோ நமக்குள்ள செல்வாக்கை யாருக்காகப் பயன்படுத்துகிறோம்?