பாதியில் கிடைத்த துப்பு

காந்தத்துக்கும் மீக்கடத்திக்கும் ஆகவே ஆகாது என்பதுதான் பழைய பாடம். மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் உலோகத்தில் காந்தத்தன்மை உள்ள அணுக்கள் சிறிதளவு கலந்தாலே அதன் பண்பு கெட்டுவிடும். 1986இல் சூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸும் முல்லரும் கண்டறிந்த தாமிர ஆக்சைடுகள் இந்தப் பாடத்தைக் குழப்பிவிட்டன. அடுத்த ஆண்டே அந்தக் குடும்பத்தின் இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு 93 கெல்வினில் மீக்கடத்தியானது. அதற்குத் திரவ நைட்ரஜனின் குளிரே போதும்.

வேடிக்கை என்னவென்றால், இவற்றின் தாய்ப்பொருள் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு காந்தப் பொருள். தாமிர அணுக்களின் தற்சுழற்சிகள் ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என வரிசையாக நிற்கும். சில எலெக்ட்ரான்களை உருவிவிட்டால் வரிசை குலைந்து மீக்கடத்தல் பிறக்கிறது. ஆனாலும் பழைய காந்தத்தின் நடுக்கம் ஓய்வதில்லை. நியூட்ரான் சிதறல் சோதனைகளில் அது தெரிகிறது. மீக்கடத்தலுக்காக எலெக்ட்ரான்களை இணை சேர்க்கும் தரகர் இந்த நடுக்கமே என்கிறது ஒரு தரப்பு. அது சரியென்றால், இணையின் அலை நான்கு இதழ்களாக விரிந்து, இதழுக்கு இதழ் கூட்டல், கழித்தல் குறி மாற வேண்டும்.

1994இல் அமெரிக்காவின் யார்க்டவுன் ஹைட்ஸில் சுவே, கிர்ட்லி குழுவினர் இதைச் சோதித்தார்கள். மூன்று வெவ்வேறு திசைகளில் வளர்ந்த படிகங்கள் கூடும் புள்ளியைச் சுற்றி, தலைமுடியின் பருமனே குறுக்களவுள்ள ஒரு வளையம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடங்களிலும் வளையங்கள். அவற்றின் மேல் மிக நெருக்கமாக, ஸ்க்விட் என்னும் காந்த உணரியின் நுண்சுருளை நகர்த்திப் படம் பிடித்தார்கள். மீக்கடத்தி வளையத்தில் காந்தப் பாயம் ஓர் அலகின் முழு எண் மடங்காகவே அடைபடும். அந்த அலகு மிகச் சிறியது. ஒரு முடியின் குறுக்குவெட்டு வழியே பூமியின் காந்தப்புலம் பாய்ச்சுவதே பல பத்து அலகுகள். வெளியிலிருந்து புலம் எதுவும் செலுத்தாமல் குளிர்வித்தபோது, மற்ற வளையங்கள் வெறுமையாகக் கிடக்க, கூடுபுள்ளி வளையம் மட்டும் சரியாக அரை அலகைத் தானாகவே உருவாக்கி வைத்திருந்தது! குறி மாறும் அலையின் கையெழுத்து அது.

காந்த நடுக்கத்தைத் தேடும் களத்தில் இப்போது வைரமும் இருக்கிறது. வைரத்தில் ஒரு நைட்ரஜன் அணுவும் பக்கத்தில் ஒரு காலியிடமும் அமைந்தால், அந்த மையம் பச்சை லேசர் பட்டுச் சிவப்பாக ஒளிரும். அருகே காந்தப்புலம் அலைபாய்ந்தால் அந்த மையத்தின் தற்சுழற்சி நிலை விரைவில் கலையும். கலையும் நேரத்தை ஒளியே காட்டிக்கொடுக்கும். ஆனால் வைரம் நன்றாக உணர்வது நொடிக்குச் சில நூறு கோடி அதிர்வுகளை. தரகர் என்று ஐயப்படும் நடுக்கமோ அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமானது. அது இன்னும் நியூட்ரான்களின் எல்லைதான்.

இணையின் வடிவம் இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட ஒன்று. தரகர் யார் என்பதில் மட்டும் இயற்பியலாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.