மிதிகட்டையும் மருந்துப் பொட்டலமும்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டார்கள். பிறகு இடையிடையே தளர்த்திக் கடைகள் திறந்தபோது, கனகராயன்குளத்தில் ஏ-9 வீதியோரக் கடை வாசல்களில் ஒரு புதுச் சாமான் நின்றது. இரும்புச் சட்டம், மேலே தண்ணீர்ப் பரல், பக்கத்தில் சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தல், கீழே இரண்டு மிதிகட்டைகள். ஒன்றை மிதித்தால் சவர்க்காரம் வரும், மற்றதை மிதித்தால் தண்ணீர் வரும். பைப்பில் கை வைக்கத் தேவையில்லை. வெல்டிங் தெரிந்தவர்கள் ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துச் செய்தது. பழைய சைக்கிள் பிரேக் வயரும் ஒரு ஸ்பிரிங்கும் போதும்.

நல்ல யோசனைதான். ஆனால் அரை மணித்தியாலம் அதன் அருகில் நின்று பார்த்தால் வேறு கதை. ஆறு வயதுப் பிள்ளைக்கு மிதிகட்டை எட்டினால் பைப் எட்டவில்லை. முழங்கால் நோவுள்ள ஒரு ஆச்சி ஒற்றைக்காலில் நிற்க ஏலாமல், சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிப் பிடித்துக்கொண்டு மிதித்தார். கை படக்கூடாது என்று செய்த சாமானில், அவருக்கு முன் வந்த எல்லாரும் பிடித்த அதே இடத்தில் கையை வைத்தார். கழுவிய தண்ணீர் போக வழி வைக்காததால் கீழே சேறு. சேற்றில் செருப்பு வழுக்கும் என்று வயதானவர்கள் கிட்டப் போவதையே விட்டார்கள். ஒரு மாதத்தில் வயர் அறுந்தது. பிறகு பரலின் பைப்பைக் கையாலேயே திறந்தார்கள்.

செய்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் யாரும் கேட்காமல் செய்து வைத்தவர் அவர். ஆனால் இன்னும் ஒரு நாள் அந்த ஆச்சியைப் பார்த்திருந்தால், பிடிப்பதற்குத் தனியாக ஒரு கைபிடியும், பிள்ளைக்கு ஒரு படியும், தண்ணீர் ஓட ஒரு வாய்க்காலும் வைத்திருப்பார். சிம்பாப்வேயில் 1980களில் ஜிம் வற் என்ற வைத்தியர் பரப்பிய கைகழுவியின் இன்று பரவலான வடிவத்தில் ஒரு பிளாஸ்ரிக் கான், சில தடிகள், கயிறுதான். காலால் தடியை அழுத்தினால் கான் சரிந்து தண்ணீர் ஊற்றும். பிள்ளையின் உயரத்துக்கே கட்டலாம். உடைந்தாலும் வீட்டுக்காரரே திருத்தலாம்.

எங்கள் பக்கத்தில் 'டிசைனர்' என்றால் கல்யாண அட்டையும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் அடித்துத் தருகிறவர். மிஞ்சினால் சாறி பிளவுசில் வேலைப்பாடு செய்கிறவர். நோய்க்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது இயல்பு. இந்த நாட்டிலேயே விடை இருக்கிறது. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு சரிந்து எரிந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துக் களைத்தவர். 1992இல் அவர் ஒரு விளக்கையே புதிதாக வடிவமைத்தார். உயரம் குறைந்த, பாரம் கூடிய கண்ணாடிப் போத்தல். மூடி திருகி இறுக்குவது. இரண்டு பக்கம் தட்டை, சரிந்தாலும் உருளாது. மார்மைட் போத்தலின் சாயல் அதில் தெரியும். அது இலட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போனது. 1998இல் ரோலெக்ஸ் விருதும் வந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் ஜாம் போத்தலில் நூல் திரி போட்டுப் படித்த வன்னிக்காரருக்கு, அந்த விளக்கின் அருமையை யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

தொற்றும் எங்களுக்குப் புதிதல்ல. 2009இல் போர் முடிந்து செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தபோது செங்கண்மாரியும் கொப்பளிப்பானும் வயிற்றோட்டமும் கூடாரம் கூடாரமாகப் பரவின. அனர்த்த உதவியில் உலகம் ஏற்றுக்கொண்ட அளவு ஒன்று உண்டு: 20 பேருக்கு ஒரு மலசலகூடம், ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர். இந்த எண்களை வைத்தியர் மட்டும் காப்பாற்ற முடியாது. கூடாரத்தில் இருந்து மலசலகூடம் எத்தனை அடி, இரவில் ஒரு பெண் தனியாகப் போக வெளிச்சம் உண்டா, தண்ணீர் வரிசை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முகாமின் வரைபடம் போடுகிறவர்தான் தீர்மானிக்கிறார். "இடைவெளி விட்டு நில்லுங்கள்" என்று 2020இல் ஒலிபெருக்கியில் சொன்னபோது, அந்த முகாம் வரிசைகளில் நின்ற பலர் தங்களுக்குள் சிரித்திருப்பார்கள்.

கொரோனா நாட்களில் இந்த நாட்டில் நடந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பில் புது இயந்திரம் எதுவும் இல்லை. கிளினிக் மருந்தைத் தபால்காரர் கையில் கொடுத்துவிட்டதுதான் அது. நீரிழிவு, பிரஷர், இருதய வருத்தக்காரர் மாதாமாதம் வைத்தியசாலையில் காலை ஐந்து மணிக்கே துண்டு எடுத்து, வாங்கில் நெருங்கியிருந்து, மத்தியானம் மருந்தோடு வீடு திரும்புவது வழக்கம். வவுனியாவில் கிளினிக் என்றால் கனகராயன்குளத்தாருக்கு அதோடு முப்பது கிலோமீற்றர் பஸ் பயணமும் சேரும். ஊரடங்கில் அது நின்றது. சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து மருந்தை வீட்டுக்கே அனுப்பின. ஆட்களும் சைக்கிளும் விலாசமும் ஏற்கெனவே இருந்தவை. அவற்றை வேறு விதமாகக் கோத்தார்கள், அவ்வளவுதான். இந்த நாட்டில் இது பழைய கெட்டித்தனம். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, பரிசோதகரையும் மருத்துவிச்சியையும் மக்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பியதும் இதே யோசனைதான்.

ஆனால் பொட்டலத்தைப் பிரித்த இடத்தில் அந்த வடிவமைப்பு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா சொப்பின் பையில் கிளினிக் கொப்பியைச் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பவர். எழுத்து வாசிக்கத் தெரியாது. குளிசையை நிறத்தால்தான் அடையாளம் காண்பார். போன மாதம் வெள்ளையாக வந்தது இந்த மாதம் ரோஸ் நிறத்தில் வந்தது. மருந்து ஒன்று, கொம்பனிதான் வேறு. வைத்தியசாலை யன்னலில் என்றால் மிக்சர் வாங்க நிற்கும் யாரிடமாவது கேட்டிருப்பார். தபாலில் வந்த பொட்டலத்தின் மேல் அவசரக் கிறுக்கல் மட்டும்தான். மிஞ்சிக் கிடந்த வெள்ளையையும் புது ரோசையும் சேர்த்தே விழுங்கினார், தலை சுற்றி விழும் வரை. பொட்டலத்தில் ஒரு சூரியனும் ஒரு நிலாவும், எத்தனை குளிசை என்று அத்தனை வட்டமும் அச்சடித்திருந்தால் போதும். கல்யாண அட்டை அடிக்கிற எங்கள் டிசைனர் பத்து நிமிசத்தில் செய்து தருவார். அவரை யாரும் கேட்கவில்லை.

வெளியுலகத்தில் கவனம் போனது இயந்திரங்களின் மேல். இத்தாலியின் பிரேசியாவில் ஈசினோவா என்ற சிறு நிறுவனம், கடலில் மூழ்கிப் பார்ப்போர் அணியும் முகமூடியில் ஒரு வால்வைப் பொருத்தி ஒட்சிசன் கருவியாக மாற்றியது. அது நெருக்கடிக்கு உதவியது. ஆனால் மாணவர்கள் உலகம் முழுக்க அவசரமாகச் செய்த சுவாசக் கருவிகள் பல, புகைப்படத்துக்கு அப்பால் நோயாளியின் கட்டில்வரை போகவில்லை. விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியைப் பாருங்கள். அதன் அடிப்படையை 1974இல் கண்டுபிடித்த ஜப்பானியர் தக்குவோ அவோயாகி, கருவிக்கு உலகமே அலைந்த 2020 ஏப்ரலில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஒட்சிசன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி 'பரவாயில்லை' என்று காட்டியது கறுப்பினத்தவரில் வெள்ளையரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டது. கருவியைச் சரிபார்க்க யாருடைய விரல்களை எடுத்தார்கள் என்பதும் வடிவமைப்புக் கேள்விதான். கறுத்த தோலுள்ள எங்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். சென்னைத் தாம்பரத்தில் 1928இல் டொக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம் காற்றையும் வெளிச்சத்தையும் மருந்தாக எண்ணிய காலத்தது. நாங்களோ கிளினிக்கில் அடைத்த அறைக்குள் வாங்குகளைப் போட்டு, யன்னலுக்குக் குறுக்கே அலுமாரியை வைத்து, 'இடைவெளி பேணவும்' என்று சுவரில் ஒட்டினோம். வாசலில் நல்ல நிழலுள்ள மரம் நிற்கும். நாலு வாங்கை அதன் கீழ் இழுத்துப் போட ஒரு தகரக் கொட்டில்கூடத் தேவையில்லை.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் தம்பி, தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கிளினிக் நாள் மாதாமாதம் வருகிறது. லப்டொப்பை விட்டுவிட்டு ஒரு கொப்பியோடு வாருங்கள். காலை ஐந்து மணிக்குத் துண்டு எடுக்க நிற்கும் ஆச்சிமாருக்குப் பக்கத்தில் இருங்கள். அவர்கள் கை எதைப் பிடிக்கிறது, கால் எங்கே வழுக்குகிறது, குளிசைப் பொட்டலத்தை யாரிடம் காட்டிக் கேட்கிறார்கள் என்று மத்தியானம் வரை பாருங்கள், பிறகு வரையுங்கள். வவுனியா போகும் பஸ்ஸில் ஏறினால் கனகராயன்குளத்தில் இறங்கலாம்.