விதிவிலக்கு விதியை மெய்ப்பிக்குமா?

ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள மரபுத்தொடர் ஒன்று, 'விதிவிலக்கே விதியை மெய்ப்பிக்கிறது' எனத் தமிழிலும் எடுத்தாளப்படுகிறது. தம் கருத்துக்கு மாறான சான்று எதிர்ப்படும்போது, மாணவர் மட்டுமன்றி ஆய்வாளரும் இத்தொடரைக் கூறி அச்சான்றை ஒதுக்கிவிடுவதுண்டு. எதிர்ச்சான்று ஒரு விதியைத் தளர்த்துமேயன்றி எங்ஙனம் மெய்ப்பிக்கும்? இவ்வினாவிற்கு விடை காண, தொடரின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

இதன் மூலக்கருத்து உரோமானியச் சட்ட வாதம் ஒன்றில் காணப்படுகிறது. பால்பஸ் என்பாரின் உரோமக் குடியுரிமை செல்லாது எனக் கி.மு. 56இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவருக்காக வாதாடியவர் சிசரோ. சில இனத்தாருடன் உரோமர் செய்துகொண்ட உடன்படிக்கைகளில், அவர்களுள் எவரையும் உரோமக் குடியாக ஏற்கலாகாது என்னும் விலக்கு இடம்பெற்றிருந்தது. பால்பஸின் ஊராகிய காடிஸுடன் செய்த உடன்படிக்கையில் அவ்விலக்கு இல்லை. விலக்கு உள்ளவிடத்துத் தடை உண்டெனின், அஃது இல்லாதவிடத்து அனுமதி உண்டு என்பதே சிசரோவின் வாதம். இக்கருத்து பின்னர் இலத்தீன் சட்ட முதுமொழியாகி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில வழக்கிலும் இடம்பெற்றது. 'விலக்கப்படாதவற்றில்' என்று பொருள்படும் அதன் இறுதிப் பகுதி வழக்கில் விடுபட்டதால் பொருள் மயங்கிற்று.

'ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனம் நிறுத்தக் கட்டணம் இல்லை' என்னும் அறிவிப்பைக் காண்போர், ஏனைய நாள்களில் கட்டணம் உண்டென உணர்வர். இங்கு விலக்கு வெளிப்படக் கூறப்பட்டது. தற்செயலாக நேர்ந்த முரண் அன்று.

மெய்ப்பித்தலைக் குறிக்கும் ஆங்கில வினைக்குச் 'சோதித்தல்' என்னும் பழம்பொருளும் உண்டு. அதுகொண்டு, விலக்கு விதியைச் சோதிக்கிறது என விளக்குவாரும் உளர். கருத்தளவில் இது நன்றே. ஆயினும் தொடரின் சட்டப் பின்புலம் இதற்கு அரண் செய்யவில்லை.

இவ்வகை உய்த்துணர்வு தமிழ் இலக்கண மரபிற்குப் புதிதன்று. எடுத்துக் கூறிய சொல் தன் இனத்தையும் உணர்த்துவதுண்டு எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் குறிப்பிடுகிறது. கீழ்ச்சேரிக் கோழி வென்றதெனின், மேற்சேரிக் கோழி தோற்றமை கூறாமலே பெறப்படும். உரைமரபு இதனை அருத்தாபத்தி என வழங்கும்.

எனவே, 'விலக்குக் கூறவே விதி பெறப்படும்' என்பது இத்தொடருக்குப் பொருத்தமான தமிழாக்கமாகும். கூறப்பட்ட விலக்கு வேறு, எதிர்ச்சான்று வேறு என்பதை ஆசிரியர் வகுப்பறையில் தெளிவுறுத்தல் நன்று. முன்னது விதியை உணர்த்தும். பின்னது விதியை மீளாய்வு செய்ய வேண்டிநிற்கும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் எக்கருதுகோளும் தோற்காது. தோற்கவியலாத கருதுகோளால் ஆய்வுக்குப் பயனில்லை.