சிடி தட்டு போட வாயில்லாத கணினி

சிராங்கூன் சாலைக்குச் சாமான் வாங்கப் போகும் நம்மவர்கள், அப்படியே நடந்து ரோச்சோர் கெனால் சாலையிலுள்ள சிம் லிம் ஸ்குவேருக்கும் போய்வருவதுண்டு. கணினிக் கடைகளுக்குப் பேர்போன இடம் அது. அங்கிருந்தோ, வேலை செய்யுமிடத்தில் கழித்துக் கொடுத்ததோ, ஒரு பழைய மடிக்கணினி ஜொகூர்த் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்கிறது. பிள்ளையின் படிப்புக்கு ஆகுமே என்றுதான் சுமந்து வருகிறோம்.

அதில் இருப்பது விண்டோஸ் 10. அதற்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐப் பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. அதற்காகக் கணினியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இருக்கிறது. அதற்குக் காசும் கேட்கமாட்டார்கள்.

முன்பெல்லாம் லினக்ஸைச் சிடி தட்டில் வைத்துத்தான் ஏற்றுவார்கள். மெல்லிய கணினிகளில் தட்டு போடும் வாயே இல்லையே, என்ன செய்வது? அதற்கு விடை சிங்கப்பூரிலேயே இருக்கிறது. 2000இல் ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் ‘தம்ப்டிரைவ்’ என்ற கட்டைவிரல் அளவுப் பொருளைக் காட்டியது. முதலில் செய்தவர் யார் என்று நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். சாதாரண டிவிடி தட்டில் 4.7 ஜிபிதான் அடங்கும். உபுண்டு 24.04 என்ற லினக்ஸோ 5 ஜிபிக்கும் மேல். ஆகவே வாய் இருந்தாலும் அந்தத் தட்டு போதாது. 8 ஜிபி தம்ப்டிரைவ் ஒன்று போதும்.

லினக்ஸ் கோப்பை இறக்கி, அப்படியே தம்ப்டிரைவில் நகல் போட்டுவிட்டுக் கணினி எழும்பவில்லையே என்று பலர் திகைக்கிறார்கள். நகல் போட்டால் போதாது. ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். எழுதும்போது தம்ப்டிரைவில் முன்பிருந்தது அத்தனையும் அழிந்துபோகும்.

அடுத்து, கணினியை எழுப்புவது. காலையில் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்களே, அதுபோலக் கணினியும் விழித்தவுடன் ஒவ்வொரு கருவியாகக் கூப்பிட்டுப் பார்க்கும். வழக்கமாக முதலில் வருவது உள்ளேயிருக்கும் வன்தட்டின் பெயர். தம்ப்டிரைவை முன்னால் கூப்பிட வைக்க, மின்சாரம் வந்தவுடனே ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஒரு நொடி தவறினாலும் பழைய விண்டோஸ் வந்து நிற்கும். அணைத்துவிட்டு மறுபடி முயல்வோம்.

எழும்பியதும் உடனே பதிக்க அவசரப்பட வேண்டாம். உபுண்டுவைத் தம்ப்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, எழுத்துப் பொத்தான்கள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வன்தட்டில் இன்னும் எதுவும் மாறியிருக்காது.

பதிக்கும்போது, ‘வன்தட்டை அழித்துவிடு’ என்ற பொருளில் ஒரு வழி திரையில் வரும். அதைத் தேர்ந்து உறுதி செய்துவிட்டால், தங்கச்சி கல்யாணப் படங்கள், பிள்ளையின் பள்ளிக் கட்டுரைகள் எல்லாம் போயின. வேண்டியதை முதலிலேயே இன்னொரு தம்ப்டிரைவில் எடுத்து, அதைக் கணினியை விட்டுக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் ஒன்றில் நூல் கட்டிக்கொள்ளலாம்.

பதித்து முடிந்ததும் கணினி தம்ப்டிரைவை எடுக்கச் சொல்லும். எடுத்துவிட்டு என்டர் பொத்தானைத் தட்டுங்கள். எடுக்க மறந்தால், மறுபடி பதிக்கட்டுமா என்று முதலிலிருந்தே கேட்கத் தொடங்கினாலும் தொடங்கும்.