ஏலக்காயும் எண்களின் நிழலும்

போடிநாயக்கனூர்ச் சந்தையில் ஏலக்காயை நிறத்தாலும் பருமனாலும் தரம் பிரிப்பார்கள். குணங்கள் இரண்டே என்றால் வேலை எளிது. ஒன்றைக் குறுக்காகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்துத் தாளில் புள்ளி குத்தினால், ஒத்தவை தாமே கூட்டம் கூடும். ஆனால் பயிர் ஆராய்ச்சியாளரோ செடியின் உயரம், தண்டுகளின் எண்ணிக்கை, சரத்தின் நீளம், காயின் எடை, எண்ணெயின் அளவு எனப் பத்துக் குணங்களை அளக்கிறார். பத்து அச்சுகள் கொண்ட தாள் ஏது? அக்கூட்டங்களைக் கண்ணால் காண்பது எங்ஙனம் என்பதையே நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

இத்துறையில் நம் நாட்டவரின் பங்கு பெரிது. பேராசிரியர் மகலனோபிஸ் 1936-ல், பல அளவுகளை ஒருங்கே கருதி இரு கூட்டங்களின் இடைத்தொலைவைக் கணிக்கும் முறையை வகுத்தளித்தார். சேர்ந்தே வளரும் இரு குணங்களை இருமுறை எண்ணாமல் காப்பது அதன் சிறப்பு. சி. ஆர். ராவ் 1948-ல் அதனை வளர்த்து, பல அளவுகளைச் சில அச்சுகளாகச் சுருக்கிக் காட்டினார்.

சுருக்குவது என்பது நிழல் விழச் செய்வதே. கம்பத்திலிருந்து மேற்கே நோக்கினால் முன்னும் பின்னுமான மலைகள் ஒரே சுவராகத் தோன்றும். குமுளிப் பாதையில் ஏறினால் இடையிலுள்ள பள்ளங்கள் புலப்படும். அவ்வாறே, புள்ளிகள் மிக அகலமாகப் பரவித் தெரியும் கோணத்தைக் கணிதம் தேடித் தருகிறது. 1901-ல் கார்ல் பியர்சன் காட்டிய வழி இது.

இந்நிழலில் விலகி நிற்பவை மெய்யாகவே விலகியவை. ஒட்டி நிற்பவை ஒட்டியவைதாம் என்பதற்கு உறுதியில்லை; ஒன்றன்பின் ஒன்று மறைந்தும் நிற்கலாம். 2008-ல் வெளியான டி-எஸ்.என்.இ. முறையோ அண்டை அயலைப் பேணும் பொருட்டு வெளியையே வளைப்பது. அதன் படத்தில் இரு தீவுகளின் இடைவெளியை அளந்து பொருள் கொள்ளலாகாது.

ஆகவே, கூட்டம் பிரிப்பதைப் பத்துக் குணங்களிலும் முதலில் முடித்து, பின்னரே படத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். அந்த இரண்டு அச்சுகள் மொத்த வேறுபாட்டில் எத்தனை பங்கைத் தாங்குகின்றன என்றும் கேட்க வேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. மலபார் வகையின் சரம் தரையில் படரும், மைசூர் வகையின் சரம் நிமிரும், வழுக்கை இடைப்பட்டது. ஒட்டுச் சேர்க்கைக்குத் தொலைவான கூட்டங்களிலிருந்தே பெற்றோரைத் தேர்வார்கள். நிழலை நம்பித் தவறாகத் தேர்ந்தால், ஏலம் காய்க்க ஆகும் இரண்டு மூன்று ஆண்டுகளும் வீண். அந்த இழப்பு தோட்டக்காரனுடையது, படத்தினுடையது அன்று.