1-3/8-உம் 1.375-உம் ஒண்ணு இல்ல!

தலைப்பைப் பார்த்துட்டு "ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ்ல இவன் அரியரா?"ன்னு கேக்காதீங்க. கால்குலேட்டர்ல ரெண்டும் ஒண்ணுதான். சைக்கிள் டயர்ல இல்ல. இதைத் தெரிஞ்சுக்க எனக்கு 3,590 ரூபாய் செலவாச்சு.

ஹாஸ்டல்ல சைக்கிள் வச்சிருக்கவங்க நிறைய பேர் இப்போ பார்ட்ஸை வெளிநாட்டுத் தளங்கள்ல தேடறோம். அது சரியா, இல்ல பக்கத்துக் கடையில வாங்கறதுதான் சரியா? "உள்ளூர் வியாபாரிகளை ஆதரிப்போம்"னு ஒரு வரியில முடிச்சுடலாம். ஆனா நாம இன்ஜினியரிங் படிக்கறவங்க, கணக்குப் போட்டே பார்ப்போம்.

என் சைக்கிளோட பின் டயர் தேஞ்சு, வாரத்துக்கு ஒரு பஞ்சர். காலேஜ் கேட்டுக்கு எதிர்ல இருக்கற கடை அண்ணன்கிட்ட, பஞ்சர் சீக்கிரம் ஆகாத ஒரு நல்ல டயர் கேட்டேன். "சென்னையில இருந்து வரவழைக்கணும் தம்பி, 2,600 ஆகும், பத்து நாள்"னார். சைஸ் எழுதித் தர பேனாவைத் தேடினார். "பார்த்துக்கறேன் அண்ணே"ன்னு சொல்லிட்டு ரூமுக்கு வந்து, அதே டயரை ஒரு வெளிநாட்டுத் தளத்துல பார்த்தேன். டயர் 1,850, ஷிப்பிங் 600. 150 ரூபாய் லாபம்! என் பழைய டயர்ல 26 × 1-3/8னு இருந்துச்சு. தளத்துல 26 × 1.40 இருந்துச்சு. 1-3/8ன்னா 1.375, கிட்டத்தட்ட 1.40தானே? ஆர்டர் போட்டேன்.

பார்சல் வந்தப்ப சுங்க வரி, கூரியர் கட்டணம்னு இன்னொரு 1,140 கேட்டாங்க. கட்டினேன். அன்னைக்கு சாயங்காலம் முழுக்க மெஸ் ஸ்பூனை வச்சு டயரை மாட்டப் பார்த்தேன். ஏறவே இல்ல.

ஏன் ஏறலன்னு பார்ப்போம்.

டயர்ல எழுதியிருக்கற "26" உண்மையான அளவு இல்ல. அந்தக் காலத்துல டயரோட வெளி விட்டத்தைத் தோராயமா சொல்ல வச்ச பேரு, அவ்வளவுதான். ரிம்ல டயர் உக்கார்ற இடத்தோட விட்டம்தான் முக்கியம். 26 × 1-3/8க்கு அது 590 மி.மீ. 26 × 1.40 மாதிரி தசமத்துல எழுதற மவுன்டன் பைக் டயருக்கு 559 மி.மீ. வித்தியாசம் 31 மி.மீ. ஸ்பூன் என்ன, கடப்பாரை வச்சாலும் ஏறாது. "28"லயும் இதே கதைதான். நம்ம ஊர் கருப்பு ரோட்ஸ்டரோட 28 × 1-1/2க்கு 635. ஆனா 28னு அச்சிட்ட சில டயர்கள் 622, அதாவது 700சி.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஐ.எஸ்.ஓ 5775 இருக்கு. உங்க டயர் பக்கவாட்டுல 37-590 மாதிரி ஒரு எண் இருக்கும். முதல்ல இருக்கறது அகலம், ரெண்டாவது ரிம் விட்டம். அந்த ரெண்டாவது எண் பொருந்தலைன்னா வாங்காதீங்க.

பின்னமா எழுதின டயரும் தசமமா எழுதின டயரும் மாத்தி மாட்ட முடியாதுன்னு இணையத்துல விளக்கமா எழுதி வச்சவர் ஷெல்டன் பிரவுன்ங்கற அமெரிக்க மெக்கானிக். மாசசூசெட்ஸ்ல ஹாரிஸ் சைக்ளரிங்கற கடையில வேலை பார்த்தார். 2008ல இறந்துட்டார். ஆன்லைன்ல பார்ட்ஸ் வாங்கற உலகமே இன்னைக்கும் அவர் பக்கங்களைப் பார்த்துத்தான் அளவு சரிபார்க்குது. அந்தக் கடை 2021ல மூடிடுச்சு. அங்க உருவான அறிவை உலகம் இலவசமா எடுத்துக்குது, ஆனா கடை இல்ல.

பெரிய ஆன்லைன் கடைகளும் நிரந்தரம் இல்ல. வட அயர்லாந்துல 1984ல சின்னக் கடையா ஆரம்பிச்சதுதான் செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ். இங்கிலாந்தோட போர்ட்ஸ்மவுத்ல ஒரு சைக்கிள் கடையில இருந்து வளர்ந்தது விகிள். 2016ல ரெண்டும் இணைஞ்சு, உலகம் முழுக்க பார்ட்ஸ் அனுப்பினாங்க. 2023 அக்டோபர்ல திவால் நடவடிக்கைக்குப் போச்சு. வாரண்டி கார்டை எடுத்துக்கிட்டு நீங்க எங்க போவீங்க?

சரி, உள்ளூர்க் கடையில ஏன் எல்லாம் கிடைக்கறதில்ல? அண்ணனோட முதல் எவ்வளவுன்னு யோசிங்க. 2,600 ரூபாய் டயர் ஒண்ணு ஆறு மாசம் ஆணியில தொங்கினா, அந்தப் பணமும் அங்கேயே தொங்குது. அதனால தினமும் போற டியூப், பிரேக் கட்டை, செயின் இதையெல்லாம்தான் வைப்பார். வெளிநாட்டு ஃப்ரேமோட டிரெய்லர் ஹேங்கர் அவர்கிட்ட இருக்காது. அதை வெளியில வாங்கறதுல தப்பே இல்ல. சில கடைகள்ல ஒரு பேரிங் போனா "முழு செட்டையும் மாத்தணும்"னு சொல்றதும் நடக்குது. அதையும் மறைக்க வேண்டாம்.

ஆனா பார்ட்டோட விலையை மட்டும் ஒப்பிடாதீங்க. செயினையே எடுத்துக்கோங்க. புது செயின்ல 12 முழு லிங்க் சரியா 12 அங்குலம். அது 12-1/16 ஆனா மாத்தணும். 12-1/8 வரைக்கும் விட்டா, பின்னாடி ஃப்ரீவீல் பல்லும் தேஞ்சிருக்கும். புது செயின் மட்டும் போட்டா மிதிக்கும்போது வழுக்கும். தளத்துல "செயின்"னு தேடினா செயின்தான் வரும். ஃப்ரீவீலைப் பாருன்னு சொல்ல அங்க ஆள் இல்ல. பெடல் அச்சு உக்கார்ற பி.பி. கப்பும் அப்படித்தான். பரவலா இருக்கற ஆங்கில மரையில வலப்பக்க கப்புக்கு மரை தலைகீழ். தெரியாம வழக்கம்போல இடப்பக்கமா திருப்பினா, கழட்டறதா நினைச்சு இறுக்கிட்டே இருப்பீங்க.

அதனால நான் இப்போ இப்படித்தான் பண்றேன். தேயற சாமானையும், மாட்டறதுக்குத் தனி டூல் வேணுங்கறதையும் கடையிலயே வாங்கறேன். 2025 செப்டம்பர்ல சைக்கிளுக்கும் பார்ட்ஸுக்கும் ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. அதையும் கணக்குல சேருங்க. இங்க கிடைக்காததை மட்டும் வெளியில ஆர்டர் பண்றேன், ஷிப்பிங், வரி எல்லாத்தையும் கூட்டின பிறகு. மூணாவதுதான் முக்கியம்: கடையில அளவு கேட்டுட்டு வெளியில வாங்கறதா இருந்தா, அதை அவர்கிட்ட நேராவே சொல்லுங்க. மாட்டற கூலியைப் பேரம் பேசாம குடுங்க. அவர்கிட்ட நாம வாங்கற பெரிய பொருள் அந்த அறிவுதான். அதுக்கு மட்டும் நாம பில் கேட்டதே இல்ல.

மறுநாள் டயரைத் தூக்கிக்கிட்டுத் தலையைத் தொங்கப் போட்டு அண்ணன் கடைக்குப் போனேன். திட்டுவார்னு நினைச்சேன். டயரைத் திருப்பி எண்ணைப் பார்த்துட்டு, "நல்ல டயர்தான், உன் வண்டிக்குத்தான் இல்ல"ன்னு சொல்லி ஆணியில மாட்டினார். ரெண்டு வாரத்துல மவுன்டன் பைக் வச்சிருந்த ஒரு ஜூனியர் 1,500க்கு வாங்கிட்டுப் போனான். கமிஷன் எடுத்துக்கச் சொன்னேன், வாங்கல. என் வண்டிக்கு 590 டயர் ஒண்ணு வரவழைக்கச் சொல்லி, 2,600ஐயும் அப்பவே குடுத்தேன்.

பத்து நாள்னார். எட்டாவது நாளே வந்துடுச்சு.